கணினி விளையாட்டு வடிவமைப்பும் வட்டார வரலாறும்: பாஞ்சாலங்குறிச்சியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் கணினி விளையாட்டுப் படைப்பகங்களின் கால்நூற்றாண்டு வரலாற்றில் வடிவமைப்பாளரின் இடம் எவ்வாறு மாறிவந்துள்ளது என்பதையும், அம்மாற்றத்தில் தமிழ் வரலாறும் பண்பாடும் எவ்வடிவில் இடம்பெற்றுள்ளன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பண்பாடு ஒரு விளையாட்டினுள் புறத்தோற்றமாக நுழைவதற்கும் ஆட்ட விதியாக நுழைவதற்கும் உள்ள வேறுபாடு இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. டொரோண்டோவில் உருவான ‘வெண்பா’ விளையாட்டையும், ஓட்டப்பிடாரம் வட்டாரத்தின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வரலாற்றையும் சான்றுகளாகக் கொண்டு, கரிசல் வட்டார வரலாறு இத்துறையில் எதிர்கொள்ளும் இடரும் வாய்ப்பும் விளக்கப்படுகின்றன.

குறிச்சொற்கள்: கணினி விளையாட்டு, வடிவமைப்பாளர், ஆட்ட விதி, வெண்பா, பாஞ்சாலங்குறிச்சி, கரிசல் வட்டாரம்

முன்னுரை

ஒரு சமூகத்தின் வரலாறு கதைப்பாடல், நாடகம், திரைப்படம், பாடநூல் எனப் பல வடிவங்களில் அடுத்த தலைமுறையைச் சென்றடைகிறது. இவ்வரிசையில் அண்மையில் சேர்ந்தது கணினி விளையாட்டு. பிற வடிவங்களில் நுகர்வோர் கேட்பவராகவோ காண்பவராகவோ இருக்க, இவ்வடிவில் அவர் செயற்படுபவராகிறார். அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யவியலாது, எச்செயலுக்கு என்ன விளைவு என்பவற்றை வரையறுப்பவரே விளையாட்டு வடிவமைப்பாளர். ஆதலால் ஒரு விளையாட்டின் வரலாற்றுப் பார்வையை அதன் ஓவியங்களில் தேடுவதைக் காட்டிலும் அதன் விதிகளில் தேடுவதே பொருத்தமாகும்.

தாயத்தின் உறவினமான பச்சிசி இதற்குப் பழைய சான்று. இந்திய வீடுகளில் வழங்கிவந்த அவ்வாட்டம், சில மாற்றங்களுடன் 1896இல் இங்கிலாந்தில் ‘லூடோ’ என்னும் பெயரில் காப்புரிமை பெற்றது. சோழிகளின் இடத்தைப் பகடை பிடித்தது. சிலுவை வடிவக் களமும், காய்கள் சுற்றி வந்து நடுவீட்டை அடைவதும் நிலைத்தன. 2016இல் மும்பைப் பகுதியைச் சேர்ந்த கேம்ஷன் நிறுவனம் வெளியிட்ட ‘லூடோ கிங்’ 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கக் காலத்தில் இந்தியாவெங்கும் பரவியபோது, இந்நாட்டு ஆட்டமொன்று ஆங்கிலப் பெயருடன் தாயகம் திரும்பியது. தோற்றமும் பெயரும் மாறினாலும் விதி தன் மரபைச் சுமந்து செல்லும் என்பதையும், பெயரை இழந்த மரபு உரிமையையும் இழக்கும் என்பதையும் இது ஒருங்கே உணர்த்துகிறது.

படைப்பகங்களின் வளர்ச்சி: ஏவற்பணியும் சொந்தப் படைப்பும்

இந்தியாவில் கணினி விளையாட்டுத் தொழில் 1990களின் பிற்பகுதியில் அமைப்பு வடிவம் பெற்றது. பெங்களூரில் ராஜேஷ் ராவ் 1997இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், மும்பையில் விஷால் கொண்டல் 1999இல் தொடங்கிய இந்தியாகேம்ஸ் ஆகிய இரண்டும் முன்னோடிகள். கைப்பேசி விளையாட்டுகளில் ஊன்றிய இந்தியாகேம்ஸ் பின்னர் யூடிவி வழியாக டிஸ்னி குழுமத்திற்குரியதாயிற்று. துருவா பன்னாட்டு நிறுவனங்களுக்கான வரைகலைப் பணியில் தேர்ச்சி பெற்றது. ‘ஃபோர்ஸா’ பந்தய விளையாட்டு வரிசைக்கு அது பங்களித்தது. 2019இல் அமெரிக்காவின் ராக்ஸ்டார் கேம்ஸ் அதனை வாங்கியது. 2004இல் குருகிராமில் தொடங்கப்பட்ட லக்ஷ்யா டிஜிட்டல் 2014இல் அயர்லாந்தின் கீவேர்ட்ஸ் ஸ்டுடியோஸ் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

இந்நிறுவனங்களின் வருவாய்க்குப் பெரிதும் அடிப்படையாக அமைந்தது அயல்பணி ஒப்படைப்பு முறையாகும். இம்முறையில் கதை, விதி, உலகம் ஆகியவற்றை அயல்நாட்டு நிறுவனம் முடிவு செய்யும். கட்டடம், ஊர்தி, ஆடை, மரம் போன்ற உருவங்கள் மாதிரிப் படங்களுடன் பட்டியலிட்டு இங்கு அனுப்பப்படும். இந்தியக் கலைஞர் அவற்றைக் குறித்த அளவில், குறித்த நாளுக்குள் உருவாக்கித் தருவார். கலைத்திறனும் நுட்பப் பயிற்சியும் இதனால் வளர்ந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் இதனை வடிவமைப்புப் பணி என்று கூறவியலாது. விதியை வகுக்கும் உரிமை இல்லாத இடத்தில் வடிவமைப்பாளர் உருவாவதில்லை. தேர்ந்த கைவினைஞரே உருவாகிறார்.

சொந்தப் படைப்பு முயற்சிகளும் உடன் நிகழ்ந்தன. 2009இல் ஐதராபாத்தின் கேம்சாஸ்த்ரா உருவாக்கிய ‘தேசி அட்டா’ கபடி, கில்லி போன்ற நாட்டுப்புற ஆட்டங்களைக் கைக்கருவிக்குக் கொணர்ந்தது. புனே நகரின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய ‘ராஜி: ஓர் தொன்மைக் காவியம்’, பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி இலக்கை எட்டாத நிலையிலும் தொடர்ந்து உழைத்து 2020இல் வெளிவந்தது. இம்முயற்சிகளுள் உலகக் கவனம் பெற்றவை பெரிதும் புராணக் களத்தைத் தெரிவு செய்தன. வட்டார வரலாறு அவற்றில் இடம்பெறவில்லை.

அயல்நாட்டு விளையாட்டுகளில் தமிழ் வரலாறு

தமிழ் வரலாறு உலகளாவிய விளையாட்டுகளில் இடம்பெற்ற நிகழ்வுகள் அண்மைக்காலத்தவை. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டின் இந்திய அரசமரபுகள் பற்றிய விரிவாக்கம் 2022 ஏப்ரலில் வெளிவந்தது. அதில் திராவிடர் என்னும் தரப்பும், இராசேந்திர சோழனின் படையெடுப்புகளைத் தொடரும் கதைப்பகுதியும், உறுமி வாள்வீரர், திரிசடைக் கப்பல் ஆகிய சிறப்புப் படைகளும் சேர்க்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் வெளியான ‘சிவிலைசேஷன் 7’ சோழரைத் தனி நாகரிகமாகக் கொண்டுள்ளது.

இரண்டிலும் தெரிவு செய்யப்பட்டது பேரரசு என்பது கருதத்தக்கது. இவ்வகை விளையாட்டுகளின் அடிப்படை விதி விரிவாக்கம். நிலம், வளம், படை ஆகியவற்றைப் பெருக்குவதே வெற்றி. கடல்கடந்து படை நடத்திய சோழர் இவ்விதிக்கு எளிதில் பொருந்துகின்றனர். சிறுநிலத்தைக் காத்து நின்ற பாளையக்காரர் பொருந்துவதில்லை. 2009இல் வெளியான ‘எம்பயர்: டோட்டல் வார்’ இதனைத் தெளிவாகக் காட்டும். அதன் முதன்மை ஆட்டம் 1700 முதல் 1799 வரையிலான காலத்தைக் கொண்டது. இந்தியாவும் அதன் களங்களுள் ஒன்று. மராத்தியர் ஆடுவோர் தெரிவு செய்யத்தக்க தரப்பாக உள்ளனர். தென்பாண்டிப் பாளையப்பட்டுகள் தனித்தரப்பாக இல்லை. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே 1799இல் அவ்விளையாட்டின் காலம் நிறைவுறுகிறது. வடிவமைப்பாளரின் காழ்ப்பு இதற்குக் காரணமன்று. சிறுநிலத்தின் எதிர்ப்பைப் பொருளுடையதாக்கும் விதி அவ்விளையாட்டு வகையில் இல்லை என்பதே காரணம்.

‘வெண்பா’: விதியாகும் பண்பாடு

புறத்தோற்றத்தைக் கடந்து, தமிழ்ப் பண்பாடு ஆட்ட விதியாகவே அமைந்த சான்று 2023 ஜூலை 31 அன்று வெளியான ‘வெண்பா’. கனடாவின் டொரோண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு படைப்பகம் இதனை உருவாக்கியது; முதன்மை வடிவமைப்பாளர் அபி. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவர் கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் வாழ்க்கையைச் சமையல்வழி இது சொல்கிறது.

வெண்பாவுக்குத் தாய்வழி வந்த சமையற்குறிப்பேடு சிதைந்து, கறைபட்டு, வரிகள் அழிந்துள்ளது. எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு விடுபட்டதை ஆடுபவர் உய்த்துணர வேண்டும். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லா இட்லிகளையும் சென்றடையும், புட்டுக்குழலில் மாவும் தேங்காய்த்துருவலும் எம்முறையில் மாறிமாறி அமையும் என்பனவே இங்குப் புதிர்கள். தமிழகச் சமையலறையின் நடைமுறை அறிவு இங்கு அலங்காரமாக நிற்கவில்லை. அதனை அறியாமல் ஆட்டம் நகராது. தலைமுறைக்கிடையே மொழி மங்குவதும் உரையாடலின் தோற்ற மாற்றங்களால் உணர்த்தப்படுகிறது. தாயின் மொழியை முழுதும் பற்றவியலாத மகனின் நிலையை ஆடுபவர் தாமே எய்துகிறார்.

இவ்விளையாட்டு 2024இல் சுதந்திர விளையாட்டு விழாவின் சூமஸ் மெக்நாலி பெரும்பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும் பெற்றது. சிறு குழுவின் படைப்பு, தன் பண்பாட்டை அயலாருக்கு விளக்கி எளிமைப்படுத்தாமல், ஆடியே அறியுமாறு அமைத்து இவ்வேற்பைப் பெற்றது என்பது வரலாற்று முதன்மை உடையது. விதியை வகுக்கும் உரிமை படைப்போரிடமே இருந்தமையால் இது இயன்றது.

மண்கோட்டையும் கற்கோட்டையும்

இவ்வளவுகோலை ஓட்டப்பிடாரம் வட்டாரத்திற்குப் பொருத்திப் பார்க்கலாம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைமீது 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மன் தலைமையிலான கும்பினிப் படை தாக்குதல் நடத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் அவர் துணைவரும் இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களுக்குள் மீண்டும் எழுப்பினர். மார்ச் 31 அன்று அதனைத் தாக்கிய கும்பினிப் படை தோற்றுப் பின்வாங்கியது. கூடுதல் பீரங்கிகளுடன் வந்த கர்னல் அக்னியூவின் படை மே 24 அன்றுதான் கோட்டையைக் கைப்பற்றியது.

அப்போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட இராணுவ நினைவுக்குறிப்பில் கோட்டையை விவரித்துள்ளார். அவர் குறிப்பின்படி அது ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட, முழுவதும் மண்ணாலான அமைப்பு. மதிலின் உயரம் ஏறத்தாழ 12 அடி. மண்ணோ திண்மையும் பிசுப்பும் மிக்கது. கல்மதில் குண்டடியில் பிளந்து சரியும். தடித்த மண்மதில் குண்டின் விசையைத் தன்னுள் வாங்கும். தவிர, கல்தச்சரும் குவாரியும் இன்றி, ஊரார் கைகளாலேயே அதனை மீண்டும் எழுப்பலாம். இந்நிலத்து மண்ணும் மக்கள் உழைப்பும் கோட்டையின் வலிமையாக அமைந்தன.

இன்று பொதுமக்கள் மனத்தில் நிலைத்துள்ள கோட்டை இதுவன்று. பி.ஆர். பந்துலு இயக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் 1959இல் வெளிவந்தது. அதன் காட்சிகள் ஜெய்ப்பூரில் படமாக்கப்பட்டன. இராசபுதனத்தின் கல்மாளிகைகளும் மதில்களும் தமிழர் நினைவில் பாஞ்சாலங்குறிச்சியாயின. 1974இல் தமிழ்நாடு அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையும் நிலைத்த கட்டுமானமே. நினைவுச்சின்னத்திற்கு அது இயல்பு. ஆயினும் ஒரு படைப்பகம் இவ்வரலாற்றை விளையாட்டாக்க முற்பட்டால், மாதிரிப் படங்களாக முதலில் கைக்குக் கிட்டுவன இவையே. கோட்டை என்றால் கல் என்று பழகிய ஆயத்த முப்பரிமாண உருவத் தொகுதிகளும் அதே திசையில் இழுக்கும். விளைவு தோற்றப்பிழை என்ற அளவில் நில்லாது. கல்கோட்டைக்குரிய விதி முற்றுகையும் தகர்ப்பும். மண்கோட்டைக்குரிய விதி இடிதலும் மீண்டெழுதலும். கல்லாக வரைந்தவுடன் 1801ஆம் ஆண்டின் எதிர்ப்பு எவ்வாறு இயன்றது என்பதே விளங்காமற் போகும்.

வெல்ஷ் பதிவு செய்த மற்றொரு நிகழ்வும் இங்குக் கருதத்தக்கது. கோட்டை வீழ்ந்தபின் களத்தில் காயமுற்றுக் கிடந்தோரிடையே தன் மகனைத் தேடிய தாயொருத்தி, அவன் வேண்டுகோளின்படி ஊமைத்துரையை மீட்கிறாள். தேடிவந்த படையினர் நெருங்காதிருக்க, அவர்மீது துணி போர்த்தி, பெரியம்மையால் இறந்தவருக்கு அழுவதுபோல் பெண்கள் ஒப்பாரி வைக்கின்றனர். ஒப்பாரியும் அம்மை நோய் பற்றிய அச்சமும் போர்க்கருவியாகும் இந்நிகழ்வுக்கு, படைபெருக்கும் விளையாட்டு வகையில் இடமில்லை. ‘வெண்பா’ காட்டிய வழியில், வட்டார மக்களின் நடைமுறை அறிவையே விதியாக்கும் வடிவமைப்பில் இடமுண்டு. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலும் இத்தகைய செய்திகளைத் தேடுவோர்க்குரிய மூலமாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, இந்தியப் படைப்பகங்களின் வளர்ச்சியை நிறுவனங்களின் எண்ணிக்கையாலும் வருவாயாலும் மட்டும் அளத்தல் போதாது; விதியை வகுக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதும் அளவுகோலாக வேண்டும். இரண்டாவது, பேரரசுகளுக்கு ஏற்ப அமைந்த விளையாட்டு வகைகளில் பாளையப்பட்டு வரலாற்றைச் சேர்க்க முயல்வதைவிட, அவ்வரலாற்றுக்குரிய விதிகளைப் புதிதாகக் கண்டடைவதே பொருந்தும். மூன்றாவது, அதற்குத் தேவையான மூலங்கள் கதைப்பாடல், கும்பினி ஆவணம், வட்டார மரபு என ஏற்கெனவே உள்ளன. வடிவமைப்பாளர் கைக்கு எட்டும் வகையில் அவை தொகுக்கப்பெறவில்லை.

கோட்டை 1801இல் தரைமட்டமாக்கப்பட்டு, அவ்விடம் உழப்பட்டு, ஆமணக்கு விதைக்கப்பட்டது என்பது வட்டார மரபு. தரையிலிருந்து அகற்றப்பட்டதைத் திரைப்படம் கல்லால் மீட்டது. அடுத்த தலைமுறையின் திரையில் அது மண்ணால் மீள்வதற்கு வரலாற்றுத்துறை, நாட்டுப்புறவியல் துறை ஆய்வாளர்கள் வடிவமைப்பாளருடன் தொடக்கநிலையிலேயே இணைதல் வேண்டும். உருவங்கள் முடிந்தபின் சரிபார்ப்போராக அழைக்கப்படின், விதிகள் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கும்.