லிங்க்கைத் தட்டும் முன் முகவரியைப் படியுங்கள்: இணையம் எப்படி வேலை செய்கிறது?

1870-ஆம் ஆண்டில் மதராஸிலிருந்து பினாங்குக்குக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போடப்பட்டது. அதுவரை கப்பலில் நாள் கணக்கில் வந்த சேதி, அதன் பிறகு கம்பி வழியே விரைந்து வந்தது. இன்றும் பினாங்கு கடலடிக் கம்பிகள் கரையேறும் இடம்தான். 2002-இல் செயல்பாட்டுக்கு வந்த 'சேஃப்' என்ற கம்பி, பினாங்கைக் கொச்சி, மொரிஷியஸ், ரியூனியன் வழியாகத் தென்னாப்பிரிக்காவுடன் இணைக்கிறது. தலைமுடி அளவே உள்ள கண்ணாடி இழைகளில் ஒளியாகப் போவதுதான் நம் இணையம்.

நிபோங் திபாலில் இருக்கும் அம்மா, சென்னையில் இருக்கும் தங்கைக்குப் புலனத்தில் ஒரு படம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படம் பல சிறு துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டின் மேலும், கடித உறையில் எழுதுவது போல, போக வேண்டிய இடத்தின் எண் இருக்கும். கைப்பேசியிலிருந்து கோபுரம், கோபுரத்திலிருந்து நிலக்கம்பி, பிறகு புலன நிறுவனத்தின் கணினி என்று கடந்து, தங்கையின் கைப்பேசியில் மீண்டும் ஒன்றுசேரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தபால்காரர் கடிதத்தைக் கொண்டு சேர்ப்பார்; எழுதியவர் நல்லவரா என்று பார்ப்பது அவர் வேலையல்ல. இணையமும் அப்படியே. அந்தச் சோதனையை நாம்தான் செய்ய வேண்டும்.

முகவரியின் முடிவைப் பாருங்கள். எண்களை நினைவில் வைப்பது கடினம் என்பதால் இணையத்தளங்களுக்குப் பெயர் உண்டு. முதல் ஒற்றைச் சாய்வுக்கோட்டுக்கு முன் உள்ள பகுதியைப் பின்னாலிருந்து படியுங்கள். ஊழியர் சேமநிதி வாரியத்தின் முகவரி 'கேடபிள்யூஎஸ்பி.கவ்.மை' என்று முடியும். 'கவ்.மை' (ஜி-ஓ-வி புள்ளி எம்-ஒய்) அரசாங்க அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். அதே பெயர் முன்னால் இருந்து, முடிவில் 'காம்' என்றோ வேறு சொல்லோ வந்தால் அது வேறொருவர் வீடு.

பூட்டுப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். வழியில் யாரும் உறையைப் பிரித்துப் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். உறை போய்ச் சேரும் இடம் திருடன் வீடாகவும் இருக்கலாம். போலித் தளத்திலும் பூட்டு இருக்கும்.

அனுப்புநர் பெயரையும் நம்பாதீர்கள். குறுஞ்செய்தியில் தெரியும் பெயரையும், அழைப்பில் தெரியும் எண்ணையும் போலியாக மாற்ற முடியும். மலேசிய வங்கிகள் இப்போது குறுஞ்செய்தியில் லிங்க் அனுப்புவதில்லை. வந்தால் தட்டாதீர்கள், வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

கல்யாணப் பத்திரிகை என்றோ உதவித்தொகை என்றோ புலனத்தில் வரும் 'ஏபிகே' கோப்பைத் திறக்காதீர்கள். அது படமல்ல, செயலி. கைப்பேசியில் ஏற்றினால், வங்கி அனுப்பும் டிஏசி எண்ணை நீங்கள் பார்க்கும் முன்பே மோசடிக்காரன் படித்துவிடக் கூடும்.

முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் முன், காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அவருடைய வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சோதியுங்கள். அங்கே புகார் இல்லை என்பதாலேயே ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது.

ஏமாந்துவிட்டால் உடனே 997-க்கு அழையுங்கள். இது 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். பறிபோன பணம் ஒரு கணக்கில் தங்காது. கணக்குக்குக் கணக்கு தாவும். அது கைமாறும் முன் முடக்கினால்தான் மீட்க வாய்ப்புண்டு.

பிள்ளைகள் திட்டுவார்களோ என்று வெட்கப்பட்டு மறைக்கும் பெரியவர்கள் உண்டு. பிள்ளைகளே, திட்டாதீர்கள். முதலில் 997-ஐ அழுத்திக் கொடுங்கள்.