குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயும் ஆக்சிஜன் கட்டுப்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. பிறந்தபின் அவை நெறிதவறி வளர்வதால் விழித்திரை பிரிந்து பார்வை பறிபோவதுண்டு. பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் தியோடர் டெரி 1942இல் இந்நோயை விவரித்தார். அடுத்த 12 ஆண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இதனால் பார்வையிழந்தனர் என மதிப்பிடப்படுகிறது. இந்நோய்க்குக் காரணம் கண்டறியப்பட்டமை மருத்துவ ஆய்வின் வெற்றியாகப் போற்றப்படுகிறது. அவ்வெற்றிக்கு நேர்ந்த இழப்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

காரணம் கண்டறியப்படல்

மூச்சுத் திணறலைப் போக்க இன்குபேட்டரில் தாராளமாகச் செலுத்தப்பட்ட ஆக்சிஜனே நோய்க்குக் காரணமாகலாம் என்னும் கருத்தை மெல்பர்ன் மருத்துவர் கேட் கேம்பெல் 1951இல் வெளியிட்டார். மிகையான ஆக்சிஜன் வளரும் இரத்தக் குழாய்களை அழிப்பதை லண்டனில் நார்மன் ஆஷ்டன் பூனைக்குட்டிகளிடம் கண்டார். 1953இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் இணைந்து 786 குழந்தைகளிடம் ஆய்வு மேற்கொண்டன. ஆக்சிஜனைக் குறைத்தால் நோய் வெகுவாகக் குறைகிறது, இறப்பு கூடவில்லை என்னும் முடிவு 1954இல் அறிவிக்கப்பட்டது.

முடிவின் எல்லை

பிறந்து 48 மணி நேரம் உயிர்பிழைத்த குழந்தைகளே அவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர் என்பது இங்குச் சுட்டத்தக்கது. இறப்பு மிகுதியாக நிகழும் முதல் இரு நாட்கள் ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை. ஆயினும் 40 விழுக்காடு என்னும் உச்சவரம்பு பிறந்த நாள் முதலே பரவலாகப் பின்பற்றப்பட்டது. பார்வையிழப்பு குறைந்தது. 1973இல் கென்னத் கிராஸ் முதல்நாள் இறப்புப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, காக்கப்பட்ட ஒரு பார்வைக்கு ஏறத்தாழ 16 உயிர்கள் விலையாகியிருக்கலாம் எனக் கணித்தார். பார்வையிழந்த குழந்தை அனைவர் கண்முன்னும் வளர்ந்தது. முதல்நாளில் இறந்த குழந்தையின் மரணமோ குறைமாதப் பிறப்பின் இயல்பான விளைவாகக் கருதப்பட்டது. இரண்டாவது இழப்பு நெடுங்காலம் புலப்படாமைக்கு இதுவே காரணம் எனலாம்.

முடிவுரை

2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலும், இரத்த ஆக்சிஜன் செறிவைக் குறைவாக வைத்த பிரிவில் கடும் விழித்திரை நோய் குறைந்தது, இறப்பு கூடியது. ஆக்சிஜனை ஒடுக்குவது மட்டுமே தீர்வாகாது என்பதை இது உணர்த்துகிறது. ஆக்சிஜனை இடைவிடாது அளந்து கொடுத்தல், உரிய வாரங்களில் விழித்திரையைப் பரிசோதித்தல், தேவைப்படின் லேசர் சிகிச்சை அளித்தல் ஆகியன இணையும்போதே கண்ணும் உயிரும் ஒருங்கே காக்கப்படும். ஓர் ஆய்வு யாரைக் கணக்கில் சேர்த்தது என்பதோடு, யாரை விடுத்தது என்பதையும் வினவ வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.