குளத்தைக் கட்டியவர் யாரென்று தெரியும், பார்த்துக்கொண்டவர் யார்?

உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. வயல் உள்ளவர்களும் வயலை விற்றவர்களும் ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற வாரம் வகுப்பில் குளங்களைப் பற்றிய பாடம். "கந்தளாய்க் குளத்தைக் கட்டியது யார்?" என்று கேட்டோம். ஒரு பிள்ளை குளக்கோட்டன் என்றது. இன்னொரு பிள்ளை இரண்டாம் அக்கபோ மன்னன் என்றது. இரண்டு மரபையும் கரும்பலகையில் எழுதினோம். அடுத்து, "உங்கட வயலுக்கு வாற வாய்க்காலைத் துப்புரவாக்குறது யாருடைய வேலை?" என்று கேட்டோம். வகுப்பே ஒரே குரலில் சொன்னது: "கவர்ன்மென்ட் வேலை சேர்!"

அந்தப் பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

எங்கள் குழாய்களில் வருவது கந்தளாய்த் தண்ணீர். தம்பலகாமத்து வயல்களும் அந்தக் குளத்தை நம்பியவை. 1986 ஏப்ரல் 20 அதிகாலை அந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை எங்கள் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. குளமும் மண்ணும் யார் பொறுப்பு என்பது எங்களுக்கு வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை.

மன்னர் காலத்தில் கட்டையும் வாய்க்காலையும் பராமரிப்பது இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் அடங்கியது. 1832இல் ஆங்கில அரசு அதை ஒழித்தது. கட்டாயம் நீங்கியது நல்லதுதான். ஆனால் இனிமேல் குளத்தை யார் பார்ப்பது என்பதற்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. ஊர்க் குளங்கள் பல தூர்ந்து போயின. 1856இல் ஆளுநர் ஹென்றி வார்ட் கொண்டுவந்த நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஊர் வழமைகளுக்கு மறுபடியும் சட்ட வலுக் கொடுத்தது. எங்கள் பெரியவர்கள் சொல்லும் வட்டவிதானை அந்த ஒழுங்கில் வந்தவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், யார் எவ்வளவு வாய்க்கால் வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

1958இல் பிலிப் குணவர்தனவின் நெற்காணிச் சட்டம் அந்தப் பொறுப்பை விவசாயிகள் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்குக் கொடுத்தது. 1970களில் தெரிவு போய் நியமனம் வந்தது. ஆள் மாற மாற, "இது எங்கட வாய்க்கால்" என்ற எண்ணமும் தேய்ந்தது.

இனி எங்கள் மாகாணத்திலேயே நடந்த ஒரு கதை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை, முப்பது வருடத்துக்குள் மிக மோசமான நிலைக்கு வந்துவிட்டது. வாய்க்கால் தூர்ந்து, கதவுகள் உடைந்து, கடைசி வயல்களுக்குத் தண்ணீரே போகவில்லை. தலைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைப்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்தார்கள். திருத்த வேலைக்கு அமெரிக்க உதவி வந்தது. அதோடு, கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு புதிய முயற்சி செய்தன. 1981இல் வேலையில்லாப் பட்டதாரிகளை, பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளை, ஊருக்குள் தங்க அனுப்பின.

அவர்கள் போனவுடன் சங்கம் அமைக்கவில்லை, தலைவர் செயலாளர் தெரிவும் வைக்கவில்லை. வீடு வீடாகப் போய், என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். ஒரே சிறு வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து இருபது பேர் ஒன்றுகூடி, முதலில் வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள். பிறகு முறைவைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். பிரதிநிதியை எல்லோரும் ஒத்துப்போய்த் தெரிவுசெய்தார்கள். அந்தச் சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் மிகக் குறைவு. அப்படியிருந்தும் மேல்வாய்க்கால்காரர்கள் மிச்சம் பிடித்துக் கீழே அனுப்பினார்கள். இனம் பார்த்துப் பிரிந்துகொண்டிருந்த நாட்டில் இது நடந்தது!

அந்தப் பட்டதாரிகளில் பலர் நிரந்தர நியமனம் கிடைத்ததும் போய்விட்டார்கள். அதுவும் எங்களைப் போல ஆசிரியர் வேலைக்கு! ஆனால் விவசாயிகளின் குழுக்கள் நின்றன. 1988இல் விவசாயிகளோடு சேர்ந்து நீரை முகாமை செய்வது அரசின் கொள்கையானது. 1991 சட்டத் திருத்தம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அந்தஸ்துக் கொடுத்தது.

1994இல் உலக நாடுகள் பாலைவனமாதலுக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றபோது, உள்ளூர் மக்களின் ஆற்றலை வளர்ப்பதற்கென்றே அதில் ஓர் உறுப்புரை வைத்தார்கள். 1998இல் இலங்கையும் அதில் சேர்ந்தது. ஆனால் "ஆற்றல் விருத்தி" என்ற பெயரில் நாங்கள் அதிகம் காண்பது என்ன? ஹோட்டலில் செயலமர்வு, ஒரு ஃபைல், சாப்பாட்டுப் பார்சல், சான்றிதழ், குரூப் போட்டோ. செயற்றிட்டம் முடிந்தால் வளவாளரும் போய்விடுவார், படித்ததும் போய்விடும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் எத்தனையோ திட்டங்கள் முடிந்த இடம் இதுதான். அனுப்பப்பட்டவர் போன பிறகு ஊரில் என்ன மிஞ்சுகிறது என்பதே எங்களுக்குத் தெரிந்த அளவுகோல். கல்லோயாவில் ஊர் தன் வாய்க்காலைத் தானே பார்க்கும் பழக்கம் மிஞ்சியது.

எங்கள் பிள்ளைகள் சொன்ன பதிலுக்குப் பிழை போட எங்களுக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். சிரமதானத்துக்கு ஆள் கூப்பிட்டால் கூலிக்கு ஆள் அனுப்புகிறோம். ஆரம்பக் கூட்டத்துக்குப் போகாமல், தீர்மானத்தைப் பிறகு குறை சொல்கிறோம்.

அடுத்த சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்கு வயல் உள்ளவர்கள் தயவுசெய்து நேரில் போங்கள். முடிந்தால் ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தத் துருசு முதலில் திறக்கும், எந்த வாய்க்கால் எந்த வட்டைக்குப் போகும் என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு வாய்க்கால் ஓரமாக நடந்து, அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதிவைக்க நாங்கள் தயார். அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் கொமென்டில் சொல்லுங்கள். கொப்பியோடு வருகிறோம்.