மெழுகுதிரிக்காகப் பிறவாத வில்லை



வில்லியம் தாக்கரே என்ற ஆங்கில நாவலாசிரியரை நம்மிற் பலர் அறிவோம். 1811இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1844இல் அவர் ஒரு சஞ்சிகையிற் தொடராக எழுதிய நாவல், பரி லிண்டன் என்னும் அயர்லாந்து இளைஞன் சூதாலும் பொய்யாலும் உயர்ந்து பின்னர் வீழ்ந்த கதை. கதை நிகழ்வது பதினெட்டாம் நூற்றாண்டில். அந்நாளைய மாளிகைகளிற் பொழுதுபட்ட பின்னர் விருந்தும் சூதாட்டமும் காதலும் மெழுகுதிரி வெளிச்சத்திலேயே நடந்தன. நாவலாசிரியனுக்கு இதில் தொல்லையேதும் இல்லை. திரி எரிந்தது என்று எழுதிவிட்டால் வாசகன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வான். திரைப்படக்காரனின் பாடுதான் திண்டாட்டம். மேசையில் மெழுகுதிரி எரியும். நடிகர்களின் முகத்தில் விழுவதோ மறைவில் வைத்த மின்விளக்குகளின் ஒளியாக இருக்கும். மண்ணெண்ணெய் விளக்கில் இராப்பாடம் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பொய் உடனே தெரிந்துவிடும்.

இந்த நாவலைப் படமாக்க முனைந்த ஸ்டான்லி குப்ரிக்குக்கு அந்தப் பொய் பிடிக்கவில்லை. அவர் தேடிப் பிடித்தது எந்தக் கடையிலும் விற்பனைக்கு வராத ஒரு வில்லை. ஜேர்மனியின் ஸைஸ் நிறுவனம் செய்த 50 மில்லிமீற்றர் பிளானர் அது.

வில்லையொன்று எவ்வளவு ஒளியை வாங்கும் என்பதை ஓர் எண்ணாற் குறிப்பார்கள். குவியத் தூரத்தை வில்லைவாயின் விட்டத்தால் வகுத்தால் வருவது அந்த எண். எண் சிறுக்கச் சிறுக்க ஒளி பெருகும். நம் வீடுகளில் இருந்த பழைய கமெராக்களில் அது 2 அல்லது 2.8 ஆக இருக்கும். இந்தப் பிளானரில் 0.7. அதாவது அதன் வாய் 71 மில்லிமீற்றர் அகலம். 2 என்ற எண்ணுள்ள வில்லையைவிட எட்டு மடங்கு ஒளி உள்ளே போகும்.

இதன் குலவரலாறு சுவையானது. 1896இல் ஜேனா நகரில் போல் ருடொல்ஃப் என்பவர் முதற் பிளானரை வரைந்தார். அழகான அமைப்பு. ஆனால் கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் பரப்புகள் அதில் எட்டு. ஒவ்வொரு பரப்பும் சிறிது ஒளியைத் திருப்பி எறிய, படம் மூட்டம் கண்டது. நல்ல யோசனை அலுமாரிக்குள் போயிற்று. அதைப் பிழைக்கவைத்தது ஒருவகைக் களிம்பு என்றே சொல்லவேண்டும். 1890களில் இங்கிலாந்தில் டெனிஸ் டெய்லர் என்பவர், பழசாகிக் களிம்பேறிய வில்லை புதியதைவிடக் கூடுதலான ஒளியை விடுவதைக் கண்டார். 1935இல் ஜேனாவில் ஸ்மக்குலா என்ற அறிஞர் அதனையே வெற்றிடத்தில் மெல்லிய பூச்சாக இடும் வழியைக் கண்டுபிடித்தார். பின்னர் போர். 1945இல் ஜேனாவைச் சோவியத் படையிடம் விட்டுப் புறப்பட்ட அமெரிக்கர், ஸைஸின் அறிஞர்களிற் பலரைத் தம்மோடு மேற்கே கொண்டுபோயினர். ஒரு நிறுவனம் இரண்டாயிற்று. மேற்கே ஒபர்கொஹன் என்ற சிற்றூரில் எழுந்த தொழிற்சாலையில்தான், 1966இல், எர்ஹார்ட் கிளற்ஸல் இந்த 0.7 பிளானரை ஆக்கினார்.

அதே 1966இல் கொலோன் நகரத்துப் புகைப்படக் கண்காட்சியில் ஸைஸ் இன்னொரு விந்தையும் வைத்தது. 0.33 என்று எண் பொறித்த ஒரு பூதவில்லை! வேகத்துக்காகக் கமெராக்காரர் அனைவரும் பித்துப்பிடித்து ஓடிய காலம் அது. காற்றில் இயங்கும் செம்மையான வில்லை 0.5க்குக் கீழே போகமுடியாது என்பது ஒளியியல் விதி. விதி தெரிந்தவன் சிரித்திருப்பான். அதன் பெயரிலிருந்த 'கியூ' எழுத்து, வெறும் பிதற்றல் என்று பொருள்படும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து. ஸைஸ் போன்ற இறுக்கமான நிறுவனத்தில் இப்படியொரு குறும்பன் இருந்தானே என்று எனக்கு மகிழ்ச்சி.

0.7 வில்லை குறும்பல்ல. செய்தவை பத்தே பத்து. ஒன்றை ஸைஸ் வைத்துக்கொண்டது. ஆறு நாசாவுக்குப் போயின; நிலவின் மறுபக்கத்தைப் படம்பிடிப்பதற்கு என்பார்கள். (அதனை இருண்ட பக்கம் என்பது தவறு. அங்கும் சூரியன் உதிக்கிறது.) எஞ்சிய மூன்றையும் குப்ரிக் வாங்கினார்.

வாங்கியபின்தான் வில்லங்கம் தொடங்கிற்று. வில்லையின் பின்முனை படச்சுருளுக்குச் சில மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கவேண்டும். எந்தச் சினிமாக் கமெராவும் அதற்கு இடம் தராது. எட் டிஜூலியோ என்ற பொறியியலாளர் ஒரு மிற்செல் கமெராவின் உடலைக் குடைந்து இடம் உண்டாக்கினார். இனி அக்கமெரா வேறு வில்லைக்கு உதவாது என்று அவர் எச்சரித்தும் குப்ரிக் பின்வாங்கவில்லை. அடுத்த தொல்லை குவியம். வாய் இவ்வளவு அகன்றால், கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகவும் சுருங்கிவிடும். நடிகர் ஒருவர் சற்றே முன்னுக்குச் சாய்ந்தாலும் முகம் கலங்கும். ஆகவே பக்கவாட்டில், செங்கோணத்தில், ஒரு வீடியோக் கமெராவை வைத்து, அதன் திரையில் நடிகரின் அசைவை அளந்தபடி, டக்ளஸ் மில்சம் கையால் குவியத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

1975 டிசம்பரில் படம் வெளிவந்தது. மறுவருடம் ஒளிப்பதிவாளர் ஜோன் அல்கொற் ஒஸ்கார் பரிசு பெற்றார். நடிகர்கள் சித்திரப் பொம்மைகள்போல் அசையாதிருக்கிறார்கள் என்று குறைசொன்னோரும் உண்டு. மெழுகுதிரிக் காட்சிகளைப் பொறுத்தவரை அவர்கள் அசையாததற்கு வில்லையும் ஒரு காரணம். ஆனால் அதனைக் குறையென்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சூதாட்ட மேசையில் லிண்டன் சீமாட்டியும் பரியும் பேச்சின்றி ஒருவரையொருவர் நோக்கும் காட்சியைப் பாருங்கள். பொன்னிற முகங்கள், பின்னால் இருப்பவரெல்லாம் மங்கிய நிழல்கள். அசையக்கூடாதென்ற தொழில்நுட்பக் கட்டளை, அசையத் துணியாத பிரபுக்களின் ஒழுக்கமாகவே மாறிவிடுகின்றது. தாக்கரேயின் கிண்டல் இங்கே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு துயரம் வந்து அமர்ந்திருக்கிறது.

பிறகு சீமாட்டி எழுந்து நிலா முற்றத்துக்குப் போகிறாள். பரி பின்தொடர்கிறான். நிலவொளியில் ஓடும் படச்சுருளிற் படம்பிடிக்க, நிலவுக்கென்று செய்த அந்த வில்லையின் வாயும் போதாது.