குழந்தையின் பேச்சு, மொழி மதிப்பீட்டு அறிக்கையைப் புரிந்துகொள்வது எப்படி?

குழந்தையின் பேச்சு மற்றும் மொழித்திறன் மதிப்பீடு முடிந்ததும் பெற்றோரிடம் ஓர் அறிக்கை வழங்கப்படும். அதில் மாதக் கணக்கில் சில எண்களும், சில மருத்துவச் சொற்களும், இறுதியில் பரிந்துரையும் இருக்கும். குழந்தை இன்று எதைப் புரிந்துகொள்கிறது, எதைச் சொல்கிறது, எவ்வகை உதவி தேவை என்பதை அது காட்டுகிறது. குழந்தையின் அறிவுக்கு இடப்பட்ட மதிப்பெண்ணாக அதைக் கருத வேண்டாம்.

அறிக்கையைப் பெற்றவுடன் மூன்று வினாக்களுக்கு விடை தேடுங்கள்.

- குழந்தையின் செவித்திறன் சோதிக்கப்பட்டதா?
- புரிந்துகொள்வதற்கும் பேசுவதற்கும் இடையே எவ்வளவு இடைவெளி உள்ளது?
- மதிப்பீடு எந்த மொழியில் நடைபெற்றது?

1. செவித்திறன்

பேச்சு தாமதமாகும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவித்திறன் சோதனை கட்டாயம் தேவை. "கூப்பிட்டால் திரும்புகிறான், கதவு சத்தத்துக்கு விழித்துக்கொள்கிறான்" என்பது போதிய சான்றாகாது. மிதமான குறைபாடுள்ள குழந்தைக்கும் உரத்த ஒலி கேட்கும். பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம்.

ஓ.ஏ.இ. சோதனையின் முடிவு 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' எனக் குறிப்பிடப்படும். 'ரெஃபர்' என்பதற்கு மறுசோதனை தேவை என்பதே பொருள். காதில் அழுக்கு இருந்தாலும், சளியினால் நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலும் அவ்வாறு வரலாம். பிறந்தபோது 'பாஸ்' பெற்ற குழந்தைக்கும் பின்னாளில் குறைபாடு ஏற்படக்கூடும் என்பதால் பழைய முடிவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

குழந்தையை உறங்கவைத்துச் செய்யப்படும் பெரா சோதனையின் முடிவு டெசிபல் அளவில் தரப்படும். 26 முதல் 40 டெசிபல் வரை லேசான குறைபாடு. 41 முதல் 55 வரை மிதமானது. 71 முதல் 90 வரை கடுமையானது. 90-க்கு மேல் மிகக் கடுமையானது. எண் உயர உயரக் கேட்கும் திறன் குறைகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அறிக்கையில் செவித்திறன் பற்றிய குறிப்பே இல்லையெனில், மற்ற முடிவுகளை இறுதியாகக் கொள்ளாமல் அச்சோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

2. எண்களைப் படிக்கும் முறை

பெரும்பாலான அறிக்கைகளில் 'புரிந்துகொள்ளும் மொழி வயது', 'வெளிப்படுத்தும் மொழி வயது' என இரு வரிகள் இருக்கும். எடுத்துக்காட்டாக, 36 மாதக் குழந்தை ஒன்றின் அறிக்கையைப் பார்ப்போம்.

- புரிந்துகொள்ளும் மொழி: 30–33 மாதங்கள்
- வெளிப்படுத்தும் மொழி: 18–20 மாதங்கள்

இக்குழந்தை சொல்வதைப் பெருமளவு புரிந்துகொள்கிறது. பேசுவதில் மட்டும் பின்தங்கியுள்ளது. இரு வரிகளிலும் 18–20 என்று இருந்தால் நிலைமை வேறு. புரிதலே பின்தங்கிய குழந்தைக்குக் கூடுதல் கவனமும், முழுமையான வளர்ச்சி மதிப்பீடும் தேவைப்படும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 2 வயது வரை, முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்த வயதுடன் ஒப்பிட வேண்டும். அவ்வாறு செய்யப்பட்டதா எனக் கேளுங்கள்.

சில அறிக்கைகளில் 100-ஐச் சராசரியாகக் கொண்ட மதிப்பெண் தரப்படும். பொதுவாக 85 முதல் 115 வரை சராசரி எல்லை; 70-க்குக் கீழ் கணிசமான பின்னடைவு. நூற்றுமானம், அதாவது 'பெர்சென்டைல்' 16 என்றிருந்தால் 100-க்கு 16 மதிப்பெண் என்று பொருளல்ல. அதே வயதுடைய 100 குழந்தைகளை வரிசைப்படுத்தினால் ஏறத்தாழ 16 பேர் உங்கள் குழந்தைக்குக் கீழே இருப்பர் என்பதே அதன் பொருள்.

3. எந்த மொழியில் சோதிக்கப்பட்டது?

திருவள்ளூர் மாவட்டத்திற்கு இவ்வினா மிகவும் முக்கியமானது. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருத்தணி பகுதிகளில் பல வீடுகளில் தெலுங்கு பேசப்படுகிறது. சிப்காட் தொழிற்பேட்டைகளிலும் செங்கல் சூளைகளிலும் பணிபுரியும் குடும்பங்களின் குழந்தைகள் வீட்டில் ஒடியா, இந்தி அல்லது வங்காளம் கேட்டு வளர்கின்றனர். இவர்களைத் தமிழில் மட்டும் சோதித்தால், தமிழுடன் எவ்வளவு பழகியுள்ளனர் என்பதே தெரியவரும். மொழித்திறன் முழுமையாகத் தெரியாது.

சொற்களை எண்ணும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். 2 வயதில் ஏறத்தாழ 50 சொற்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. தமிழில் 25 சொற்களும் தெலுங்கில் 30 சொற்களும் சொல்லும் குழந்தை அந்த அளவை எட்டிவிட்டது.

உண்மையான மொழிக் குறைபாடு குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் வெளிப்படும். தமிழில் மட்டும் பின்தங்கியிருந்தால் தமிழுடன் பழகக் காலம் தேவை. வீட்டு மொழியிலும் பின்தங்கியிருந்தால் சிகிச்சை தேவை. "இரண்டு மொழி குழப்புகிறது, தானே சரியாகிவிடும்" என்று காத்திருப்பது தவறு. இரு மொழிகள் கேட்பதால் பேச்சுத் தாமதம் ஏற்படுவதில்லை. எனவே வீட்டு மொழியைக் கைவிடவும் தேவையில்லை.

மதிப்பீட்டாளருக்கு உங்கள் மொழி தெரியாவிடில், இரு மொழியும் அறிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். குழந்தை வீட்டில் இயல்பாகப் பேசுவதை இரண்டு மூன்று நிமிடங்கள் கைபேசியில் பதிவு செய்து காட்டுவதும் பெரிதும் உதவும்.

4. உச்சரிப்பு

ர, ற, ழ ஆகிய ஒலிகள் குழந்தைகளுக்குத் தாமதமாகவே வசப்படும். 'பழம்' என்பதை 'பயம்' என்றோ 'பளம்' என்றோ வீட்டுப் பெரியவர்களே சொல்லும்போது, குழந்தையும் அவ்வாறு சொல்வது குறைபாடு ஆகாது. கும்மிடிப்பூண்டியிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வளரும் குழந்தை 'பேசு' என்பதற்குக் 'கதை' என்று சொன்னால் அது அதன் வீட்டுத் தமிழ். பிழையாகக் கணக்கிடக் கூடாது. 4 வயதாகியும் குழந்தையின் பேச்சு வெளியாருக்குப் பெரும்பாலும் புரியவில்லை எனில் உச்சரிப்புப் பயிற்சி தேவை.

5. அறிக்கையில் வரும் சொற்கள்

- தாமதம்: வளர்ச்சி வழக்கமான வரிசையில் செல்கிறது, வேகம் குறைவு.
- கோளாறு: வளர்ச்சியின் போக்கே வேறுபட்டுள்ளது, அல்லது பயிற்சியின்றித் தானாகச் சீராக வாய்ப்புக் குறைவு.
- தற்காலிக நோயறிதல்: இப்போதுள்ள தகவலின்படி எடுத்த முடிவு, மறுமதிப்பீட்டில் மாறலாம்.

இவ்வறிக்கை மாற்றுத்திறனாளி சான்றிதழ் ஆகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் கீழ் அச்சான்றிதழ் தனி மருத்துவ மதிப்பீட்டுக்குப் பின்னரே வழங்கப்படும்.

6. அடுத்து என்ன செய்ய வேண்டும்?

2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. மேல் மதிப்பீடும் பயிற்சியும் மாவட்ட இடையீட்டு மையத்தில் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நேரடி மின்சார ரயில் இல்லை. அடிக்கடி வந்து செல்வது கடினமெனில், சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் தருமாறு மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். தொடர்ந்து செல்ல இயலும் இடமே ஏற்ற இடம்.

செங்கல் சூளைப் பருவம் முடிந்து சொந்த ஊர் திரும்பும் குடும்பங்கள் அறிக்கையின் நகலைத் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும். இத்திட்டம் நாடு முழுவதும் உள்ளது. அங்கும் பயிற்சியைத் தொடரலாம்.

வாரம் ஒருமுறை நடைபெறும் பயிற்சி மட்டும் போதாது. பெற்றோர் இருவரும் ஷிப்ட் முறையில் பணிபுரிந்தால், குழந்தையுடன் அதிக நேரம் இருக்கும் பாட்டியோ அத்தையோ ஒருமுறையேனும் பயிற்சிக்கு வர வேண்டும். குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். சொன்னபின் சில நொடிகள் காத்திருங்கள். குழந்தை "பால்" என்றால் "சூடான பால்" என்று நீட்டிச் சொல்லுங்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தையிடம் கைபேசியைக் கொடுக்க வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

- 12 மாதங்களில் மழலை ஒலியோ, விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை
- 16 மாதங்களில் ஒரு சொல்லும் இல்லை
- 24 மாதங்களில் இரு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசவில்லை
- எந்த வயதிலும், ஏற்கெனவே பேசிய சொற்களை இழத்தல்

இவற்றுள் ஒன்று இருப்பினும், "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று நாள் கடத்தாமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். மூளை மொழியைக் கற்கும் வேகம் முதல் ஆண்டுகளில்தான் மிகுதி. அறிக்கையில் மறுமதிப்பீட்டு நாள் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் கேட்டு எழுதி வாங்குங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.