அகதிகள் வருமுன் பிறந்த கிளப்: கொல்கத்தா கால்பந்துப் பகை நூறாண்டில் மாறிய விதம்

பிரிவினையில் வீடு வாசல் இழந்து கல்கத்தாவுக்கு வந்தவர்கள் தொடங்கியதுதான் ஈஸ்ட் பெங்கால் கிளப் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் கிளப் தொடங்கப்பட்ட நாள் 1920 ஆகஸ்ட் 1. பிரிவினை அதற்கு 27 ஆண்டுகள் கழித்து வந்தது. அதாவது, நகரின் இன்னொரு கிளப்பான மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையிலான போட்டிக்குக் காரணமாக இன்று சொல்லப்படும் விஷயம், போட்டி தொடங்கிய காலத்தில் இருக்கவே இல்லை. என் வாதம் இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு கிளப்புகளின் பகை நூறாண்டாக ஒரே பெயரில் நடந்து வருகிறது. ஆனால் அது சுமந்து வந்த வழக்கு ஒன்றல்ல. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துச் சச்சரவை அந்தப் பழைய பெயருக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

மோகன் பகான் 1889 ஆகஸ்ட் 15 அன்று வடக்குக் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. அன்றைக்கு அதன் எதிரி இன்னொரு வங்காளி கிளப் அல்ல, வெள்ளையர் அணிகள்தான். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டியில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று அந்த அணி வென்றது. பதினொரு பேரில் ஒருவரைத் தவிர எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். வைஸ்ராய் கர்சன் வங்கத்தை இரண்டாக வெட்டி ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வெட்டு ரத்தாகும் என்ற அறிவிப்பு அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. தலைநகர் டெல்லிக்குப் போகும் அறிவிப்பும் கூடவே வந்தது. ஷீல்டு வெற்றியைக் கிழக்கு, மேற்கு என்று பார்க்காமல் வங்காளம் முழுவதும் கொண்டாடியது. வென்ற அணியிலேயே கிழக்கு வங்க வேர் கொண்டவர்கள் பலர் இருந்தார்கள். பின்னாளில் மேற்கு வங்கத்தாரின் கிளப் என்று பேரெடுத்த மோகன் பகானின் மிகப் பெரிய வெற்றியில் கிழக்கத்தியரின் பங்கு இருப்பதை எந்த ஆய்வாளரும் ஒதுக்கிவிட முடியாது.

ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதையும் முதலில் சின்ன விவகாரம்தான். 1920 ஜூலை 28 அன்று கூச் பெஹார் கோப்பைப் போட்டியில் ஜோராபகான் அணி மோகன் பகானோடு மோதியது. ஜோராபகான் அணியில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் காரணம் சொல்லாமல் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி கிழக்கு வங்கத்துக்காரர். கிழக்கத்தியர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று கோபித்துக்கொண்டு வெளியேறினார். சில நாட்களிலேயே புது கிளப் உருவானது. கல்கத்தாவில் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்திருந்த கிழக்கு வங்கத்தாரின் பேச்சு வழக்கையும் பழக்கவழக்கங்களையும் நகரத்தார் கேலி செய்த காலம் அது. மனத்தாங்கல் உண்மைதான். ஆனால் அது நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையிலான மனத்தாங்கல். நாடு இழந்தவர்களின் துயரம் அதில் அன்றைக்கு இல்லை. கோபமும் ஜோராபகான் மீதுதான் இருந்தது. மோகன் பகான் அன்று எதிர்ப்பக்கம் ஆடிய அணி, அவ்வளவுதான்.

கல்கத்தா லீகின் முதல் டிவிஷனில் இந்திய அணிகளுக்கு இரண்டே இடம் என்ற கட்டுப்பாடு இருந்தது. அது தளர்ந்த பிறகு 1925இல் ஈஸ்ட் பெங்கால் மேலே வந்தது. அந்த ஆண்டு மே 28 அன்று இரண்டும் லீகில் முதன்முதலாக மோதின. நேபாள் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. நூறாண்டு டெர்பி என்று இன்று கொண்டாடப்படுவதன் தொடக்கம் இதுதான்.

ஆனாலும் 1930களில் கல்கத்தாவை ஆட்டிப்படைத்தது இந்தப் போட்டி அல்ல. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீகை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங்தான் அன்றைய நாயகன். அதற்கு முன் எந்த இந்திய கிளப்பும் லீகை வென்றதில்லை. மோகன் பகானுக்கே 1939 வரை அது கைகூடவில்லை. ஈஸ்ட் பெங்காலுக்கு 1942இல்தான் கிடைத்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் ஊர் பார்க்காமல் பெங்களூர் போன்ற தொலைதூர நகரங்களிலிருந்தும் ஆள் எடுத்தது, மழை மைதானத்தில் பூட்ஸ் போட்டு ஆடப் பழகியது. வங்காள முஸ்லிம்கள் அந்த வெற்றியைத் தங்கள் எழுச்சியாகக் கண்டார்கள். எதிர்த்தரப்பில் மோகன் பகான் ரசிகரும் ஈஸ்ட் பெங்கால் ரசிகரும் ஒரே பக்கம் நின்ற ஆண்டுகள் அவை. 1947க்குப் பிறகு ஆதரவாளர்களில் பெரும் பகுதியினர் எல்லை தாண்டிப் போக, முகமதன் ஸ்போர்ட்டிங்கின் பலம் குறைந்தது. காலியான அந்த இடத்தில்தான் கிழக்கு–மேற்குப் பகை முழு உருவெடுத்தது. ஒரு பகை அடங்கியதால் இன்னொரு பகை பெரிதானதை இங்கே கண்கூடாகக் காணலாம்.

அகதிகள் சியால்டா ரயில் நிலைய நடைமேடைகளில் வந்து இறங்கினார்கள். தெற்குக் கல்கத்தாவில் சும்மா கிடந்த நிலங்களில் குடிசை போட்டு பிஜய்கர், ஆசாத்கர் போன்ற குடியிருப்புகளைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். அவர்களின் ஊர்கள் இப்போது வேறு நாட்டில் இருந்தன. அந்த ஊர்களின் பெயர் தாங்கிய ஒரு கிளப் கல்கத்தா மைதானத்தில் தயாராக நின்றது. வந்தவர்கள் புதிதாக எதையும் தொடங்க வேண்டியிருக்கவில்லை. டிக்கெட் வாங்கினாலே போதும். நாடு பறிபோன பிறகும் ‘கிழக்கு வங்காளம்’ என்ற பெயர் வெற்றிப் பட்டியலில் ஏறுவதை அவர்களால் பார்க்க முடிந்தது. 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டும் ஷீல்டு அந்த கிளப்புக்கே போனது. பகை சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்ற மாலையில் நாம் உல்லம் என்று சொல்லும் ஹில்சா மீனுக்குக் கிராக்கி ஏறும். மோகன் பகான் வென்றால் பெரிய இறாலுக்கு.

அந்தப் பெருமையைக் காலால் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் யார்? அகமது கான், வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே. பஞ்ச பாண்டவர் என்று கல்கத்தா கொண்டாடிய இந்த ஐந்து முன்வரிசை ஆட்டக்காரர்களும் தென்னிந்தியர்கள். பத்மா நதிக் கரையை இழந்த மக்களின் பெருமிதம் காக்கிநாடாவிலும் பெங்களூரிலும் வளர்ந்த கால்களை நம்பியிருந்தது. அந்த மக்கள் இதில் எந்த முரணையும் காணவில்லை. காண வேண்டிய அவசியமும் இல்லை என்பதே என் கருத்து. ரசிகரின் விசுவாசம் சட்டையோடுதான், பிறப்புச் சான்றிதழோடு அல்ல.

ஆட்டக்காரரின் கதை வேறு. சென்னை ரெஜிமெண்ட் மையம் 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றபோது கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று கோல்களையும் அவர் காத்தார். பின்னாளில் தஞ்சாவூரின் குலோத்துங்கனும் இரு பெரும் கிளப்புகளுக்கும் ஆடினார். 2003இல் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கிளப் கோப்பையை வென்ற அணியில் அவரும் ஒருவர். ஆண்டுதோறும் ஆட்டக்காரர் பதிவு நடக்கும் நாட்களில், எதிரணி கொத்திக்கொண்டு போகாமலிருக்க நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டுபோய் ஒளித்து வைப்பது பல காலம் அங்கே வழக்கமாக இருந்தது. பகை எவ்வளவு முற்றியதோ அவ்வளவுக்கு ஆட்டக்காரரின் விலை ஏறியது. விலை ஏற ஏற அவர் ஒரே பக்கம் நிற்பதும் அரிதானது.

1970கள் இந்தப் போட்டியின் உச்சம். 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டும் லீக் ஈஸ்ட் பெங்காலுக்கே. 1975 செப்டம்பர் 30 அன்று ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று நசுக்கியது. அந்தத் தோல்வியைத் தாங்க முடியாமல் ஒரு ரசிகர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இரு தரப்பும் கலந்து உட்கார்ந்திருந்த காலரியில் கைகலப்பு மூண்டது. நெரிசலில் 16 பேர் செத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கொல்கத்தாவில் ரசிகர்கள் இரத்த தானம் செய்கிறார்கள். இதை உணர்ச்சி வெறி என்று சொல்லித் தாண்டிவிடுவது ஆய்வாகாது. பிரிவினையின்போது குழந்தையாக வந்தவர்கள் அப்போது நடுவயதில் இருந்தார்கள். நகரத்தில் வேலை இல்லை, நக்சல் காலத்துக் கொலைகள் முடிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மைதானத்துக்கு வெளியே வாய் திறக்க வழியில்லாதது உள்ளே வெடித்தது.

சென்னையில் ஏன் இப்படி ஒரு ஜோடி உருவாகவில்லை? அங்கே லீகில் வலுவாக நின்றவை ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற நிறுவன அணிகள். வங்கி அணி ஆட்டக்காரருக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்கும். ஆனால் ஒரு தெரு முழுவதும் தன் பெயராக அதைச் சொல்லிக்கொள்ளாது.

1990களில் கொல்கத்தாவில் வழக்கு மறுபடி மாறியது. 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,781 பேர் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. நாயகன் சிக்கிம்காரர். கிழக்கா மேற்கா என்ற கேள்வியே அவருக்குக் கிடையாது. அடுத்த ஆண்டு ஒரே மதுபான நிறுவனம் இரு கிளப்புகளிலும் பங்கு வாங்கியது. இரண்டு சட்டையிலும் ஒரே முதலாளியின் பிராண்டுகள் ஏறின. பகையே சரக்காகிவிட்டது, அதை விற்க இரு தரப்பும் வேண்டியிருந்தது.

2020இல் மோகன் பகான் ஏ.டி.கே. என்ற கிளப்போடு இணைந்து இந்தியன் சூப்பர் லீகில் (ஐ.எஸ்.எல்.) நுழைந்தது; ஈஸ்ட் பெங்காலும் அதே ஆண்டு சேர்ந்தது. ஐ.எஸ்.எல்.லின் முதல் டெர்பி 2020 நவம்பர் 27 அன்று கொரோனாவால் கோவாவில், ஆளில்லாத அரங்கில் நடந்தது. தங்கள் கிளப்பின் பெயருக்கு முன்னால் வேறொரு கிளப்பின் பெயர் ஒட்டப்பட்டதை மோகன் பகான் ரசிகர்கள் பொறுக்கவில்லை. மூன்று ஆண்டு விடாமல் போராடி 2023இல் அதை நீக்க வைத்தார்கள். அந்த ஆண்டுகளில் அவர்களின் முதல் எதிரி ஈஸ்ட் பெங்கால் அல்ல, சொந்த நிர்வாகம்தான்.

மறுபக்கம், 2020 ஜனவரி 19 டெர்பியில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் பெரிய பதாகை ஒன்றை விரித்தார்கள். இந்த மண்ணை ரத்தம் கொடுத்து வாங்கினோம், காகிதம் காட்டி அல்ல என்பது அதன் பொருள். குடியுரிமைத் திருத்தச் சட்டமும் தேசியக் குடிமக்கள் பதிவேடும் நாடெங்கும் பேச்சாக இருந்த நேரம் அது. அகதிகளின் பேரப்பிள்ளைகள் தாத்தாக்களின் வழக்கை மறுபடி கையில் எடுத்தார்கள். இந்த முறை எதிரே நின்றது மோகன் பகான் காலரி அல்ல.

2024 ஆகஸ்டில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதை அடுத்து நகரமே தெருவில் இருந்தது. ஆகஸ்ட் 18 அன்று நடக்க வேண்டிய டூரண்ட் கோப்பை டெர்பியை, பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லாத அந்த மாலையில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்கள் தங்கள் கொடிகளோடு அரங்கின் முன் ஒன்றாகக் கூடி நீதி கேட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. சட்டையை யாரும் கழற்றவில்லை, கொடியை யாரும் மறைக்கவில்லை. நூறாண்டாக எதிரெதிரே நின்று பழகியதால் அவர்களுக்குக் கூட்டம் சேர்க்கவும் குரல் எழுப்பவும் தெரிந்திருந்தது.

இதை இராமநாதபுரம் கடற்கரையில் இருந்து படிக்கிறவருக்கு ஒரு கேள்வி எழும். இங்கேயும் கடல் தாண்டி வந்தவர்கள் உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகப் போனார்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பியவர்கள் வந்தார்கள். அவர்களுக்கென்று ஓர் ஈஸ்ட் பெங்கால் ஏன் அமையவில்லை? மூன்று காரணம் சொல்லலாம். தாயகம் திரும்பியவர்களை நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் பிரித்து அனுப்பிவிட்டார்கள். ஒரே நகரத்தில் திரளவில்லை. போரில் வந்தவர்கள் முகாம் பதிவேட்டுக்குள் வாழ்ந்தார்கள். கல்கத்தா அகதிகளைப் போல வோட்டுப் போடும் குடிமக்களாக இல்லை. மூன்றாவது காரணம்தான் முக்கியம்: அவர்கள் ஊரின் பெயரைத் தாங்கிய கிளப் எதுவும் இங்கே முன்கூட்டியே காத்திருக்கவில்லை. துயரம் மட்டும் இருந்தால் பகை அணி உருவாகாது. அதைச் சுமக்க ஒரு பெயரும் மைதானமும் உறுப்பினர் பட்டியலும் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

ஆனால் இதே இராமநாதபுரத்தின் சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர்ச் சாலைகளில் போட்டியைச் சுமக்கும் பெயர் உண்டு: அது ஊரின் பெயர்தான், விளையாட்டு மாட்டுவண்டிப் பந்தயம். பெரிய மாடு, நடுமாடு, சின்னமாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட விடுகிறார்கள். ஒலிபெருக்கியில் மாட்டுக்காரர் பெயரோடு ஊரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். வேகமான மாடு நல்ல விலைக்குக் கைமாறும். நேற்று எதிரூர் வண்டியில் ஓடிய மாட்டுக்கு இன்று நம் ஊர் விசிலடிக்கும். உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டோடு இந்தப் பந்தயத்தையும் நிறுத்தியபோது, ஒருவரையொருவர் முந்தத் துடித்த ஊர்கள் ஒரே கோரிக்கையின் பின்னால் நின்றன. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வண்டிகள் மீண்டும் சாலைக்கு வந்தன, ஊர்ப் போட்டியும் கூடவே வந்தது. எந்த ஊர் எந்த ஊரோடு மோதியது, அந்த ஜோடிகள் எப்போது மாறின என்பதற்கான சான்று பந்தய நோட்டீஸ்களிலும் விழாக் கமிட்டிகளின் வரவு செலவு நோட்டுகளிலும்தான் இருக்க முடியும். கொல்கத்தாவுக்குக் கிளப் ஆவணங்களும் நூறாண்டு நாளிதழ்களும் இருக்கின்றன. சாயல்குடி வட்டாரத்துக்கு அந்த நோட்டீஸ்களை இப்போதே திரட்டத் தொடங்கினால்தான் இதே கேள்வியை இங்கேயும் ஆண்டு குறித்து ஆராய முடியும்.