எங்கள் திம்புள்ளப் பள்ளத்தாக்கு

திம்புள்ள என்றதும் வெளியூர்த் தோழியர் டெவோன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகளைத்தான் கேட்பார்கள். அட்டன் - நுவரெலியா வீதியில் நின்றே இரண்டையும் பார்க்கலாம். டெவோன் 97 மீற்றர் உயரம். சென்கிளயருக்கு அகலமே அழகு. ஆனால் 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியபின், தலவாக்கலை அணையில் திறந்துவிடும் நீரே அங்கு விழுகிறது. அடைமழைக் காலத்தில் வந்தால் நாம் சிறுவயதில் பார்த்த சென்கிளயரை ஓரளவு காணலாம்.

அருவிகளைச் சூழ்ந்த தேயிலை மலைகள் முதலில் கோப்பித் தோட்டங்களாக இருந்தவை. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை முடித்துவிட்டது. 1885இல் நானுஓயாவுக்கு ரயில் வந்தபோது தேயிலை வேரூன்றத் தொடங்கியிருந்தது.

கோப்பிக்காலத்தில் எம் முன்னோர் வந்தது கால்நடையாகத்தான். தமிழகத்திலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு, அங்கிருந்து மேலே. வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென ஒரு சட்டம் 1872இல்தான் வந்தது. உப்பும் சீனியும் கலந்த நீரை உரிய நேரத்தில் கொடுத்தே வாந்திபேதிக்காரர் பலரைக் காப்பாற்றலாம் என்று படித்த மருத்துவரான எமக்கு, இந்த வரலாற்றை ஆறுதலாக வாசிக்க முடிவதில்லை.

துரைமார் தம் ஸ்கொட்லாந்து ஊர்களின் பெயரைத் தோட்டங்களுக்கு வைத்தார்கள்: ஹோலிரூட், டன்சினேன். வழியில் இறந்தவருக்கு நடுகல்லும் இல்லை. உங்கள் வீட்டில் வயதான அம்மாயி, அப்பாயி இருந்தால், எந்த ஊரிலிருந்து யார் வந்தார் என்று கேட்டு எழுதுங்கள். சங்கத்துக்கும் ஒரு பிரதி தாருங்கள்.